மணியும் மரமும் படமும்

புதுச்சேரிக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் காக்காயந்தோப்பு என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதை ஒட்டி, மாமரமும் தென்னையும் அடர்ந்த ஒரு மேடு. புதிதாகப் போகிறவர் கண்ணுக்கு அது வெறும் தோப்பாகத்தான் தெரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை கொட்டி ஓய்ந்த மறுநாள் அங்கே போய், தலையைக் குனிந்தபடி நாலடி நடந்து பார்க்கவேண்டும். மேல்மண் கரைந்து ஓடிய இடங்களில் கடுகளவிலும் மிளகளவிலும் கண்ணாடி மணிகள் தலைகாட்டும். பச்சை, நீலம், மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு என்று பல நிறங்கள். ஒவ்வொன்றிலும் நூல் நுழைவதற்கு ஒரு துளை.

இதுதான் அரிக்கமேடு. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னால் கடல் கடந்த வியாபாரம் நடந்த பட்டினம். கிரேக்க மாலுமிகளின் பழைய வழிகாட்டி நூலான ‘பெரிப்ளுஸ்’, ‘பொதுகே’ என்று ஒரு துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. அது இந்த இடமாகத்தான் இருக்கவேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

மணி பொறுக்கிய பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரமெல்லாம் எப்படித் தெரியும்? அவர்களுக்கு அது விளையாட்டு. அந்த விளையாட்டைக் காரியமாக எடுத்துக்கொண்டவர் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர். புதுச்சேரிக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். பல்லவர் கோயில்களைப் பற்றி ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1937-ம் வருஷத்தில், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த பொருள்களின் வழியாக அவர் கவனம் இந்த மேட்டின் மேல் திரும்பியது. அவற்றுக்கிடையே மனித முகம் ஒன்றைக் குடைந்து செதுக்கிய சிறு மணிக்கல்லும் இருந்தது. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் அது என்று துப்ரேய் சொன்னார். தென்னந்தோப்பில் ரோமாபுரி ராஜா! செய்தி பரவியதும் பலரும் மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள்.

வெள்ளி மறைந்தது, செங்கல் தெரிந்தது

துப்ரேய்க்கு நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பே ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த ஆற்றங்கரையில் பழைய செங்கல் சுவர்களைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். அவர் பெயர் லெ ஜாந்தி. வான சாஸ்திரி. அவர் புதுச்சேரிக்கு வந்தது செங்கல் பார்க்க அல்ல. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடந்து போவதைப் பார்க்க. 1761-ல் முதல் தடவை அது நிகழ்ந்தபோது அவர் நடுக்கடலில் இருந்தார். புதுச்சேரி அப்போது ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. அடுத்த தடவைக்காக எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் மாதத்தில் புதுச்சேரியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்தார். அன்று காலை பார்த்து மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் ஊர் திரும்பினால், மனிதர் இறந்துவிட்டார் என்று உறவினர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவம், வானத்தில் தேடியது கிடைக்கவில்லை. தரையில் கண்ட செங்கல்லைப் பற்றி அவர் எழுதியது பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

அதே மேட்டில் 1770-களில் பாதிரிமார் நடத்திய குருமடத்தின் இடிந்த சுவர் இன்றும் நிற்கிறது. விஷயம் தெரியாதவர் அதையே ரோமர் மாளிகை என்று நினைத்து மயங்கிப் போகக்கூடும்.

துப்ரேயின் கண்டுபிடிப்புக்குப் பிறகு, 1940-களின் தொடக்கத்தில், புதுச்சேரியில் இருந்த ஆர்வலர்கள் சிலர் அங்கே தோண்டினார்கள். ஆர்வத்துக்குக் குறைவில்லை, பயிற்சிதான் இல்லை. கிடைத்த சாமான்களில் சில இந்தியாவில் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் போயின. சில வியட்நாமில் இருக்கும் ஹனாய் நகருக்கே போய்விட்டன. எந்தப் பானை ஓடு எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அவற்றோடு சரியாகப் போகவில்லை. பொருள் வந்து சேர்ந்தது. அது இருந்த இடம் தொலைந்துபோயிற்று.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அடுத்து வந்தவர் காட்டினார். மார்ட்டிமர் வீலர், இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவர். 1944-ல் சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் கையை விட்டுத் துழாவியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளில் மது வார்க்கும் ஜாடியின் உடைந்த கைப்பிடி அகப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். புதுச்சேரியிலிருந்து! உடனே புறப்பட்டு வந்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண்ணில், அவர்கள் சம்மதத்தோடு, 1945-ம் வருஷக் கோடையில் ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே அகழ்வு நடந்தது.

வீலர் தேடியது புதையல் அல்ல. இத்தாலி நாட்டில் அரெஸ்ஸோ என்ற ஊர்க் குயவர்கள் செய்த ஒருவகைச் சிவப்புப் பாத்திரத்தின் ஓடுகளைத் தேடினார். அந்தப் பாத்திரங்களில் சிலவற்றில் குயவனின் முத்திரை இருக்கும். அவை எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் ஏற்கெனவே தீர்மானமான விஷயம்; கிறிஸ்து பிறந்ததை ஒட்டிய சில பத்து வருஷங்கள். அப்படிப்பட்ட ஓடு அரிக்கமேட்டில் ஒரு மண் அடுக்கில் கிடைத்தால், அதே அடுக்கில் கிடந்த நம் நாட்டுச் சட்டி பானைக்கும் அந்த வயதுதான் என்று சொல்லலாம் அல்லவா? உட்புறத்தில் புள்ளி புள்ளியாக வட்டக் கோடுகள் போட்ட மெல்லிய தட்டுகள் அங்கே ஏராளமாகக் கிடைத்தன. அதுவரை தென்னாட்டில் பழம்பானை ஓடு கிடைத்தால் ‘மிகப் பழையது’ என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதான். அரிக்கமேட்டுக்குப் பிறகு அந்தத் தட்டு எங்கே அகப்பட்டாலும் வயது சொல்ல ஒரு பிடி கிடைத்துவிட்டது.

வீலர் சொன்னதெல்லாம் இறுதி வார்த்தை என்று எண்ணவேண்டாம். அவருக்குப் பின் 1947 முதல் 1950 வரை கஸால் என்ற பிரெஞ்சு நிபுணர் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் மறுபடியும் தோண்டினார். ரோமர் வந்து உண்டாக்கிய வியாபார ஸ்தலம் என்று வீலர் கருதியது சரியில்லை, அவர்கள் கப்பல் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அவர்கள் வரவு நின்ற பிறகும் வெகு காலம் மக்கள் வாழ்ந்தார்கள் என்பது இந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது. வீலர் தம் குழிகளின் அளவையும் அடுக்கையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தபடியால்தான், அவரையே திருத்துவதற்குப் பின்னால் வந்தவர்களுக்கு முடிந்தது.

கண்ணாடியை இழுத்துச் செய்த மணி

மணிக்கு வருவோம். அரிக்கமேட்டு மணிகள் அங்கேயே செய்யப்பட்டவை. உருகிய கண்ணாடிக் கட்டிகள், பாதி செய்து கைவிட்ட மணிகள், துளை போடும்போது உடைந்துபோன கற்கள் எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. படிகம், சூதுபவளம், செவ்வந்திக்கல் முதலிய கற்களில் செய்த மணிகள் ஒரு வகை. அதிகமானவை கண்ணாடி மணிகள்.

கடுகளவு மணியில் எப்படித் துளை போட்டார்கள் என்று கேட்கத் தோன்றும். துளை போடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. காய்ச்சிய கண்ணாடியைக் குழாய் முனையில் உருண்டையாகத் திரட்டி, நடுவில் உள்கூடு விழும்படி செய்து, உலை வாயிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே போனால் கண்ணாடி நீண்ட மெல்லிய குழலாக வரும். எவ்வளவு மெல்லியதாக இழுத்தாலும் நடுத்துளை மூடிக்கொள்ளாது. குழல் ஆறியதும் அதைச் சிறு துண்டுகளாக நறுக்கவேண்டும். நறுக்கிய விளிம்பு கையைக் கிழிக்கும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து, சட்டியில் போட்டுச் சூடேற்றிக் கிளறுவார்கள். துளைக்குள் சாம்பல் புகுந்து அடைத்துக்கொள்வதால் துளை கெடாது. விளிம்பு மட்டும் மழுங்கி உருண்டையாகும். ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கான மணிகள்!

இந்த முறையில் செய்த மணிகள் இலங்கையில் மாந்தையிலும், வியட்நாமில் ஓக் இயோ என்ற பழைய பட்டினத்திலும், மலேயாவில் கோலா செலின்சிங்கிலும் கிடைத்திருக்கின்றன. அங்கெல்லாம் பட்டறைகளே இருந்தனவாம். பழைய மணிகளையே வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட அமெரிக்கர் பீட்டர் பிரான்சிஸ், இத்தொழிலின் தாய்வீடு அரிக்கமேடு என்று கருதினார். திருப்பதிக்குப் பக்கத்தில் ஆந்திரத்தைச் சேர்ந்த பாப்பாநாயுடுபேட்டையில் உலையிலிருந்து கண்ணாடிக் குழலை இழுத்து மணி செய்யும் இந்தக் கைவேலை நம் காலம் வரை நீடித்து வந்திருக்கிறது. அங்கே பார்த்துத்தான் அரிக்கமேட்டுக் குப்பையில் கிடந்த உடைசல்களுக்கு அர்த்தம் கண்டுபிடித்தார்கள்.

மணி நிலைத்தது, துணி நிலைக்கவில்லை. அரிக்கமேட்டில் அகப்பட்ட செங்கல் தொட்டிகள் மஸ்லின் துணிக்குச் சாயம் தோய்க்க உதவியிருக்கலாம் என்று வீலர் நினைத்தார். தொட்டி இருக்கிறது, துணியில் ஓர் இழைகூட இல்லை. அவ்வளவு தூரம் போவானேன்? பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியின் பெயரைக் கடல் கடந்து பரப்பியது அவுரி நீலம் தோய்த்த ‘கினே’ துணி. கப்பல் கப்பலாக ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக்குப் போய், அங்கே பண்டமாற்றில் கருவேலம் பிசினுக்கு விலையாக நின்றது. அதற்கென்றே 1820-களின் கடைசியில் இங்கே ஆலை எழுந்தது. சவானா ஆலை என்று ஜனங்கள் சொன்னது அதைத்தான். 1898-ல் ரோடியர் ஆலை வந்தது. 1936 ஜூலை 30-ந் தேதி ஆலைத் தொழிலாளர் பன்னிரண்டு பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டதும், அடுத்த வருஷம் ஏப்ரலில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்ததும் புதுவை மறக்காத சரித்திரம். 2020-ல் ஆலைகள் மூடப்பட்டன. செனகலில் பேர் வாங்கிய அந்த நீலத் துணியை இன்று புதுச்சேரியில் ஒரு முழம் காட்டச் சொன்னால் ஊர்க்காரர் திகைத்துப் போவார்கள்.

ஆற்றோடு மேலே போனால்

அரிக்கமேட்டை உரசிக்கொண்டு ஓடும் அரியாங்குப்பம் ஆறு தனி ஆறல்ல. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணியின் கிளை அது. வராக நதி என்றும் அதற்குப் பெயர். கரையோடு வில்லியனூர் வழியாக மேலே போனால், புதுச்சேரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் திருவக்கரை வரும். வக்கிரகாளியைத் தரிசிக்கப் பௌர்ணமிதோறும் கூட்டம் கூடுகிற ஊர்.

அங்கே மணல் மேடுகளில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன. தொட்டால் கல்! மரத்தின் வரி இருக்கிறது, கணு இருக்கிறது, தட்டினால் மட்டும் கற்சத்தம். விஷ்ணுவினால் மாண்ட வக்கிராசுரனின் எலும்புகள் அவை என்று ஊரில் சொல்வார்கள். விஞ்ஞானிகள் கணக்கு வேறு. ஏறக்குறைய இரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த மணற்சத்து, மக்கிப்போகும் மரத்தின் ஒவ்வொரு அணுவறையிலும் புகுந்து கெட்டியாகிவிட்டது. எல்லாம் அடிமரமாகவே கிடக்கின்றன. வேரோ கிளையோ பட்டையோ ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் உருண்டு வந்தவை என்பதற்கு அதுவே சாட்சி. சீவல் போல மெல்லிசாக அறுத்து பூதக்கண்ணாடியில் வைத்தால், எந்தக் குடும்பத்து மரம் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள். புளியின் சுற்றத்தார், மருதின் சுற்றத்தார், ஆமணக்கின் சுற்றத்தார் எல்லோரும் அதில் உண்டு. பெருமழைக் காடுகளுக்கே உரிய மரங்களும் அகப்பட்டிருக்கின்றன. இன்று முள்ளும் புதரும் மண்டிய அந்தச் செம்மண் பூமிக்கு ஒரு காலத்தில் அத்தனை ஈரம் இருந்திருக்கிறது.

சொனேரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் 1781-லேயே இவற்றைப் பற்றிக் குறித்து வைத்தார். இப்போது அரசாங்கத்தின் பாதுகாப்பில், ஏறக்குறைய 250 ஏக்கரில், தேசியக் கல்மரப் பூங்காவாக இருக்கிறது. வேலி போட்டதற்குக் காரணம் இல்லாமலில்லை. மெருகேற்றினால் பளபளக்கும் கல் என்பதால், வந்தவர்கள் ஆளுக்கொரு துண்டாக எடுத்துப்போய் அலமாரியில் வைத்தால் என்ன மிஞ்சும்? அலமாரிக்குப் போன துண்டு அழகான கல், அவ்வளவுதான்.

எடுத்துப்போவதிலும் முறை உண்டு. 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கில உத்தியோகஸ்தர்கள், வழுதாவூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலிருந்து கல்லாகிப்போன கடற்சிப்பிகளையும் நத்தைகளையும் சேகரித்து, இடத்தின் பெயரோடு லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற நிபுணர் 1846-ல் அவற்றை விவரித்து வெளியிட்டார். ஏழு கோடி வருஷத்துக்கு முந்திய கடல், புதுவைக்கு மேற்கே வயல்வெளியாக இருக்கும் இடத்தில் அலையடித்தது என்று உலகம் தெரிந்துகொண்டது.

படம் சொன்ன சாட்சி

ஆற்றின் முகத்துவாரத்துக்குத் திரும்பினால் இன்னொரு கதை. புதுச்சேரிக் கடற்கரையின் பழைய தபால் அட்டைப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 1860-களில் கட்டிய இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டிருக்கும்; அதன் இருபுறமும் அகலமான மணல், மணல்மேல் படகுகள். அந்தப் பாலம் 1952-ல் புயலில் போயிற்று. மணல் போனது புயலால் அல்ல. அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 1989-ல் துறைமுகத்துக்காகக் கல் அணைகள் கட்டி முடிந்தன. இந்தக் கடற்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அணை வழி மறித்தது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்துக் கரையைக் கடல் அரித்தது. கருங்கல் கொட்டித்தான் வீதியைக் காப்பாற்றவேண்டியதாயிற்று. ‘இங்கே எப்போது மணல் இருந்தது?’ என்று இளம் பிள்ளைகள் கேட்டபோது பழைய படங்களைத்தான் எடுத்துக் காட்டவேண்டியிருந்தது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. 1962-ல் கட்டிய புதிய பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. அதுவும் இனி படத்தில் பார்க்கவேண்டியதுதான்.

அதே கடற்கரைக்கு அருகில், செயின்ட் லூயி வீதியில் இருக்கிறது பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம். பிரெஞ்சுக்காரர் ஆட்சியை விட்டுக் கொடுத்தபின், 1955-ல் தொடங்கியது. முதல் தலைவர் ழான் ஃபில்லியோசா. அங்கே ஓலைச்சுவடிகள் உண்டு; பதப்படுத்திய செடி கொடிகள் உண்டு; பூக்களின் மகரந்தத் தூளைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சேர்த்த பெருந்தொகுதியும் உண்டு. அந்த மகரந்த ஆராய்ச்சியை உலகப் பிரசித்தமாக்கிய தமிழர் கணபதி தணிகைமணி, 1986-ல் கராச்சியில் நடந்த விமானக் கடத்தலில் கொல்லப்பட்டார். அவர் விட்டுப்போன ஒவ்வொரு சில்லிலும் செடியின் பெயர் இருக்கிறது.

1956 முதல் இந்த நிறுவனத்தார் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு ஊர் ஊராகச் சென்று சிலைகளைப் படம் பிடித்தார்கள். சிற்ப சாஸ்திரம் ஆராய்வதற்காக எடுத்தவை அவை. எந்த ஊர், எந்தக் கோயில், எப்போது எடுத்தது என்று குறித்து வைத்தார்கள். இப்படிச் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரு லட்சத்து அறுபதினாயிரம் அளவுக்கு இருக்கின்றன. திருடனைப் பிடிக்க இவை உதவும் என்று எடுத்தவர்கள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் ஒரு பழைய சிவன் கோயில். அங்கிருந்த நடராஜர் களவு போனார். 2008-ல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து ஒரு நடராஜரை வாங்கியது. முறையாக வாங்கியது என்று காட்டக் காகிதங்கள் இருந்தன. புதுச்சேரியில் ஒரு படம் இருந்தது. 1994-ல் அந்தக் கோயிலிலேயே எடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் காகிதங்கள் பொய்யென்று ஆயின. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே டில்லிக்கு வந்து, விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரோடு அந்த நடராஜரையும் ஒப்படைத்தார்.

ஆனந்தமங்கலத்து ராமர், லட்சுமணர், சீதை 1978-ல் திருடு போனவர்கள். இங்கிலாந்தில் இருந்த அவர்கள் 2020-ல் ஊர் திரும்பியதற்கு 1958-ல் எடுத்த படம்தான் துணை. கும்பகோணத்தை அடுத்த சுந்தரப்பெருமாள்கோவிலின் திருமங்கையாழ்வார், 1957-ல் எடுத்த படத்தில் கோயிலில் நிற்கிறார். 1967-ல் ஏலத்தில் வாங்கப்பட்டு ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. 2019-ல் ஓர் ஆராய்ச்சியாளர் புதுச்சேரிப் படத்தைக் கண்டு சொன்னார். 2024-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சிலையைத் திருப்பித் தர இசைந்தது.

கோயில் படங்களுக்கு இருக்கும் இந்தப் பாக்கியம் வீட்டுப் படங்களுக்கு இல்லை. 1880 முதல் 1980 வரை தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, இதே நிறுவனத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பிரதி எடுத்தார்கள். கல்யாணக் கோலத்தில் மணமக்கள், நாற்காலியில் அமர்ந்த பெரியவர், திரையில் வரைந்த மாளிகைக்கு முன் கைகட்டி நிற்கும் பிள்ளைகள். அட்டையில் ஸ்டூடியோவின் பெயர் இருந்தால் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம். உடையையும் நகையையும் பார்த்துக் காலத்தை ஒருவாறு மதிப்பிடலாம். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால், அட்டையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அங்கே பென்சிலால் இரண்டு வரி எழுதியிருந்தால் உண்டு.